ஒரே பொத்தான், இரண்டு கோப்புகள்: முன்மாதிரி மென்பொருளா, ஊடாடும் அசைவூட்ட மென்பொருளா?

பணம் அனுப்பும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறோம். பொத்தான் சுருங்கி வட்டமாகிறது, வட்டம் சுழல்கிறது, பணம் போய்ச் சேர்ந்ததும் அதற்குள் ஒரு சரிக்குறி விழுகிறது. எல்லாம் சேர்த்து இரண்டு விநாடி. இதை ஒரு வடிவமைப்பாளர் புரோட்டோபை என்ற முன்மாதிரி மென்பொருளில் செய்து காட்டுகிறார், இன்னொருவர் ரைவ் என்ற ஊடாடும் அசைவூட்ட மென்பொருளில் செய்து காட்டுகிறார். இரண்டையும் அருகருகே ஓடவிட்டால் எது எதில் செய்தது என்று தேர்ந்த கண்ணுக்கும் தெரியாது.

இரண்டும் ஒன்றுதானே, எதை வாங்கலாம் என்ற கேள்வி வடிவமைப்புக் குழுக்களில் அடிக்கடி எழுவது அதனால்தான். இந்த விவாதத்தில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓர் அட்டவணை தயாராகும். ஒரு பக்கம் வசதிகள், மறுபக்கம் மாதக் கட்டணம். ஆனால் முடிவைத் தரவல்ல கேள்வி அந்த அட்டவணையில் இருக்காது: செய்து முடித்த கோப்பு அடுத்து எங்கே போகிறது?

புரோட்டோபையில் செய்தது கூட்டத்தில் காட்டப்படும். நான்கைந்து பயனர்கள் கையில் கொடுத்துச் சோதிக்கப்படும். பிறகு நிரலாளர் அதைப் பார்த்து முதலிலிருந்து நிரலாக எழுதுவார். அத்துடன் அந்தக் கோப்பின் வேலை தீர்ந்தது. ரைவில் செய்த கோப்போ செயலியோடு சேர்த்துப் பொதியப்பட்டு பயனரின் கைபேசிக்கே போகிறது. அங்கே அவர் விரல்பட்டு ஓடுவது அந்தக் கோப்புதான். முன்னது கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரம், பின்னது கட்டடத்தின் சுவர். சாரத்தில் கோணல் இருந்தால் அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம். சுவரில் விரிசல் விட்டால் குடியிருப்பவருக்குத்தான் துன்பம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து விலை பேசும் குழுக்கள் சாரத்துக்குச் சுவரின் செலவைச் செய்கின்றன, அல்லது சாரத்தையே சுவர் என்று நம்பிக் குடியேறுகின்றன.

மரத்துண்டு கேட்ட கேள்வி

1996இல் சந்தைக்கு வந்த பாம் பைலட் கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதற்கு முன்பு அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் மரத்துண்டை எடுத்து, கையிலிருந்த குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் செய்து பார்ப்பார். அதில் மின்சுற்றும் இல்லை, திரையும் இல்லை. இந்த அளவில் ஒன்று என் பையில் இருந்தால் அதை வெளியே எடுப்பேனா என்ற ஒரே கேள்வியைத்தான் அந்த மரத்துண்டு கேட்டது. அதற்கு விடையும் கிடைத்தது.

முன்மாதிரியின் இலக்கணம் இதுதான். கேள்வி தெளிவாக இருந்தால் கருவி எவ்வளவு எளியதாக இருந்தாலும் போதும். கேள்வி இல்லாவிட்டால் எந்தக் கருவியும் வெறும் காட்சிப்பொருளைத்தான் தரும். முன்மாதிரி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் குழு தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே. பயனர் வழி தவறாமல் போகிறாரா என்று பார்க்கப் போகிறோமா? விரலை இழுக்கும்போது திரை சரியான கனத்தோடு பின்தொடர்கிறதா என்று பார்க்கப் போகிறோமா? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். வேறு கருவிகளைக் கேட்பவை.

முதல் கேள்விக்கு, திரைகளை வரையும் வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவே தாராளமாகப் போதும். 2017இல் அதில் முன்மாதிரி வசதி வந்தது. ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு அம்புக்குறி இழுத்தால் போதும். 2019இல் ஸ்மார்ட் அனிமேட் சேர்ந்தது. இரண்டு திரைகளிலும் ஒரே பெயர் கொண்ட அடுக்குகளைத் தேடிப் பொருத்தி, இடைப்பட்ட அசைவை அதுவே நிரப்பிக்கொள்ளும். 2023இல் மாறிகளும் நிபந்தனைகளும் வந்தன. வண்டியில் பொருள் சேர்த்தால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும் என்பது போன்ற சிறு கணக்குகளை இப்போது அங்கேயே செய்யலாம்.

ஆனால் ஃபிக்மாவின் அடிப்படை இன்னமும் திரைகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும்தான். அதன் எல்லையை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு பக்கத்தில் திறந்து மூடும் சுவிட்சுகள் மூன்று இருந்தால், எல்லா நிலைகளையும் திரையாக வரைய 8 திரைகள் வேண்டும். ஐந்து சுவிட்சுகளுக்கு 32. மாறிகளைக் கொண்டு இதைச் சுருக்கலாம். ஆனால் சுருக்கச் சுருக்க, கோப்பைத் திறந்து பார்க்கும் அடுத்த வடிவமைப்பாளருக்கு எது எங்கே மறைந்திருக்கிறது என்று தெரியாமல் போகும். அம்புகள் நூல்கண்டுபோல் சிக்கிய ஒரு கோப்பை எடுத்து வேலை செய்ய நேர்ந்தவர்களுக்கு அந்த அலுப்பு புரியும்.

தென்கொரியாவின் சியோலில் இயங்கும் ஸ்டுடியோ எக்ஸ்ஐடி உருவாக்கிய புரோட்டோபை அந்த இடத்தில்தான் உதவுகிறது. அங்கே திரைகளை இணைப்பது அடிப்படையல்ல. ஒரு பொருள், அதற்கு நேரும் ஒரு தூண்டல், அதற்கு அது தரும் ஓர் எதிர்வினை என்ற மூன்றும்தான் அடிப்படை. ‘இந்த அட்டையை இழுத்தால் அந்தப் படம் இவ்வளவு மங்க வேண்டும்’ என்று ஒரு வாக்கியம்போல எழுதிக்கொண்டே போகலாம். கைபேசியின் சாய்வு, ஒலி ஆகியவையும் தூண்டலாகலாம். ஒரு கருவியில் தொட்டால் இன்னொரு கருவியில் நிகழ வைக்கலாம், பொத்தான், உணரி போன்றவற்றை இணைத்து இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடும் இணைக்கலாம். காரின் முகப்புத் திரையை வடிவமைப்பவர்கள் இதை நாடுவதில் வியப்பில்லை. ஸ்டீயரிங்கில் உள்ள உண்மையான பொத்தானை அழுத்தித் திரையில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல், அந்த வேலையில் எந்த முடிவும் எடுக்க முடியாது.

இந்த வகையில் வேறு கருவிகளும் உண்டு. ஃபேஸ்புக் 2013இல் ஒரிகாமியை வெளியிட்டது. ஆப்பிளின் குவார்ட்ஸ் கம்போசர் என்ற காட்சி நிரலாக்கக் கருவியின் மீது அமர்ந்த அந்தக் கருவி 2016இல் ஒரிகாமி ஸ்டுடியோ என்ற தனி மென்பொருளானது. பெட்டிகளைக் கம்பியால் இணைத்து எழுதும் முறை அதனுடையது. பழகிய கைக்கு அதன் நுணுக்கம் அபாரமானது, பழகுவதுதான் கடினம். ஆப்பிளில் முன்பு பணியாற்றிய ஒருவர் 2015இல் வெளியிட்ட பிரின்சிபிள், மேக் கணினியில் மட்டும் ஓடும் சிறிய, வேகமான கருவி.

ஃபிளாஷ் விட்டுச்சென்ற வெற்றிடம்

ஊடாடும் அசைவூட்ட மென்பொருளைப் புரிந்துகொள்ள, ஒருகாலத்தில் இணையத்தில் அசைவுகளை ஓட்டிய ஃபிளாஷுக்குத் திரும்ப வேண்டும். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் பிறந்து, அந்த ஆண்டின் இறுதியிலேயே மேக்ரோமீடியாவின் கைக்கு வந்து ஃபிளாஷ் ஆனது. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. ஃபிளாஷின் குறைகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதன் பெரிய கொடை எது என்பதை மறந்துவிடக் கூடாது. வரைந்தவர் கையால் செய்த அசைவே, எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல், பார்ப்பவர் திரையில் ஓடியது. வரைவதும் அசைப்பதும் பொத்தானுக்கு உயிர்கொடுப்பதும் ஒரே இடத்தில் ஒரே ஆளால் முடிந்தது.

2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதி, ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்பதற்கான காரணங்களை அடுக்கினார். பாதுகாப்பு, மின்கலம், தொடுதிரைக்கு ஒவ்வாமை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி அடோபி அதற்கு ஆதரவை நிறுத்தியது. கைபேசிச் செயலிகளின் உலகத்தில் அசைவூட்டக் கலைஞருக்கும் பயனருக்கும் நடுவில் நிரலாளர் ஒரு மொழிபெயர்ப்பாளராக வந்து நின்றார். கலைஞர் அடோபியின் அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு காணொளி செய்வார். அதனோடு ஒரு குறிப்பும் போகும்: 300 மில்லி விநாடி, வேகமாகத் தொடங்கி மெல்ல நிற்க வேண்டும், 40 மில்லி விநாடி கழித்து அடுத்தது. நிரலாளர் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். முடிவில் வந்தது ஏறக்குறைய அதுபோல இருக்கும். அந்த ‘ஏறக்குறைய’வில் கலைஞரின் உழைப்பில் பாதி கரைந்திருக்கும்.

2017இல் ஏர்பிஎன்பி வெளியிட்ட லாட்டி இந்த இடைவெளியில் ஒரு பாலம் போட்டது. அதற்கு முன்பே ஹெர்னான் டொரிசி என்பவர் பாடிமூவின் என்ற நீட்சியை எழுதியிருந்தார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த அசைவை அது ஜேசான் என்ற எழுத்துவடிவத் தரவுக் கோப்பாக வெளியே எடுத்துத் தரும். அந்தக் கோப்பைக் கைபேசிச் செயலிக்குள் வரைந்து ஓட்டும் வேலையை லாட்டி ஏற்றுக்கொண்டது. கறுப்பு அட்டையைக் கத்தரியால் வெட்டி நிழலுருவங்களை அசைத்து, 1926இலேயே முழுநீள அசைவூட்டப் படம் ஒன்றைத் தந்த ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பொருத்தமான மரியாதை.

ஆனால் லாட்டி பிறவியில் ஒரு நேர்கோடு. தொடக்கம், நடு, முடிவு என்று ஓடும். எந்த இடத்தில் நிறுத்துவது, எங்கிருந்து மீண்டும் ஓட்டுவது என்பதையெல்லாம் வெளியே நிரலாளர்தான் சொல்ல வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்யக்கூடிய எல்லாமும் அதில் வந்துசேராது. விளைவுகள் பல கழன்றுவிடும். வெற்றிச் சின்னம், காலியான பெட்டியின் படம், காத்திருப்புச் சுழல் போன்றவற்றுக்கு இன்றும் அதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பது என் கருத்து. பயனர் நடுவில் கைவைக்கும் இடத்துக்குத்தான் அது போதாது.

அந்த இடத்துக்கு வந்தது ரைவ். குயிடோ ரோசோ, லூயிஜி ரோசோ என்ற சகோதரர்கள் முதலில் ஃபிளேர் என்ற பெயரில் தொடங்கிய கருவி அது. அதன் இதயம் ஸ்டேட் மெஷின், அதாவது நிலைப்பொறி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான்.

நுழைவுப் பக்கத்தில் ஒரு கரடி பொம்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெயரைத் தட்டச்சு செய்தால் அதன் கண்கள் எழுத்தோடு நகர்கின்றன. கடவுச்சொல் கட்டத்தைத் தொட்டதும் கைகளால் கண்ணைப் பொத்திக்கொள்கிறது. சரியாக இருந்தால் துள்ளுகிறது, தவறாக இருந்தால் தலையை ஆட்டுகிறது. நேர்கோட்டு அசைவில் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் கண்ணைப் பொத்தப் பாதிவழியில் கை எழும்பும்போதே நீங்கள் மனம் மாறிப் பெயர்க் கட்டத்துக்குத் திரும்பலாம். கை அந்த இடத்திலிருந்தே இயல்பாக இறங்க வேண்டும். நிலைப்பொறியில் ‘பார்த்தல்’, ‘பொத்துதல்’, ‘மகிழ்தல்’ ஆகியவை தனித்தனி நிலைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகளையும் நிபந்தனைகளையும் வடிவமைப்பாளரே வரைகிறார். இந்தக் கரடிக்கு வெளியிலிருந்து செயலி மூன்று வகைச் செய்தியை அனுப்புகிறது: ஆம் அல்லது இல்லை, ஓர் எண், ஒரு தட்டல். கடவுச்சொல் கட்டத்தில் இருக்கிறாரா என்பது ஆம்-இல்லை. எத்தனை எழுத்து தட்டியிருக்கிறார் என்பது எண். தவறு நேர்ந்தது என்பது தட்டல். கரடி எப்படித் தலையாட்ட வேண்டும் என்பது நிரலாளரின் கவலையே அல்ல.

மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ தன் பாத்திரங்களின் உதட்டசைவுக்கு ரைவை எடுத்துக்கொண்டதன் காரணமும் இதுவே. எத்தனையோ மொழிகளில் எத்தனையோ பாட வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் உதட்டை வரைந்து காணொளி செய்வது நடக்காத காரியம். பேச்சொலியிலிருந்து எந்தக் கணத்தில் எந்த வாய்வடிவம் என்ற பட்டியலைக் கணினி தயாரிக்கிறது. அந்த எண்களை வாங்கிக்கொண்டு வாயை மாற்றுகிறது நிலைப்பொறி. அசைவு இங்கே அலங்காரமல்ல, பாடத்தின் பகுதி. ரைவுக்குப் பணமும் நேரமும் செலவழிப்பது நியாயமா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த எடுத்துக்காட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இதிலேயே ஒரு பொறுப்பும் ஒளிந்திருக்கிறது. கோப்புக்குள் வடிவமைப்பாளர் வைத்த பெயரும், நிரலில் நிரலாளர் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ‘திறந்ததா’ என்று வைத்த பெயரை ஒருநாள் ‘திறப்பு’ என்று அழகுக்காக மாற்றினால் கோப்பு வழக்கம்போல் ஓடும், பொத்தான் மட்டும் பேசாமல் நிற்கும். எங்கே பிழை என்று தேட அரைநாள் போகும். முன்மாதிரிக் கோப்பில் பெயரை மாற்றினால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே பெயர் என்பது ஒப்பந்தம். அதனால் ரைவ் கோப்பை நிரலைப்போல நடத்த வேண்டும்: பதிப்பு எண், மாற்றக் குறிப்பு, வெளியிடுமுன் சோதனை. வடிவமைப்புக் குழுக்கள் பல இந்த ஒழுங்குக்குப் பழக்கப்பட்டவை அல்ல. கருவியின் விலையைவிட இந்தப் பழக்கத்தைக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவுதான் அதிகம்.

தமிழ் எழுத்து அசையும்போது

தமிழில் செயலி செய்கிறவர்கள் கட்டாயம் பார்த்தாக வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இது வருவதே இல்லை.

எழுத்து எழுத்தாக ஒரு தலைப்பு திரையில் விழும் அசைவு எல்லாக் கருவியிலும் உண்டு. ‘கொடை’ என்ற சொல்லை அதில் போட்டுப் பாருங்கள். வாசகருக்கு ‘கொ’ ஓர் எழுத்து. யூனிகோடு அதை ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறிகளாக வைத்திருக்கிறது. கண்ணுக்கு அது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவம். யூனிகோடு குறியை ஒரு எழுத்து என்று எண்ணும் கருவியில் முதலில் ‘க’ தனியாகத் தோன்றும். அடுத்த கணம் அதற்கு முன்னால் கொம்பு புகுந்து ககரத்தை வலப்பக்கம் தள்ளும். வடிவத்தை எழுத்து என்று எண்ணும் கருவியிலோ கொம்பும் காலும் ககரமும் மூன்று திசையில் பறந்து வரும். இரண்டுமே பிழை. ‘கு’, ‘டி’ போன்றவற்றில் உகர, இகரக் குறிகளைப் பிரித்துவிட்டால் புள்ளியிட்ட வட்டம் ஒன்று பல்லிளிக்கும். சரியான வழி, வாசகர் ஓர் எழுத்தாகக் காணும் முழுவதையும் ஒன்றாக எண்ணுவது. அது கருவியின் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை. ஆகவே வாங்கும் முன் ‘கொடை’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘நெளிவு’ ஆகிய நான்கையும் எழுத்து எழுத்தாக அசைத்துப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, அசைவுக் கோப்புக்குள் எழுத்து எப்படிப் பொதியப்படுகிறது என்பது. லாட்டிக்கு ஏற்றுமதி செய்யும்போது எழுத்துகளை வடிவங்களாக மாற்றிக்கொள்ளும் வழி உண்டு. திரையில் அழகாக வரும். ஆனால் நாளை அந்தச் சொல்லை மாற்ற நினைத்தால், முதலில் பயன்பட்ட வடிவங்கள் மட்டுமே கோப்பில் இருக்கும். ரைவில் ஓடும்போதே சொல்லை மாற்றலாம். எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் வேலைக்கு அது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகத்தை, அதாவது எவரும் எடுத்தாளக்கூடிய ஆயத்த நிரல்தொகுப்பைப் பயன்படுத்துகிறது, தமிழுக்கும் அது பழக்கமானது. ஆனால் தமிழ் எழுத்துருவைக் கோப்போடு கொடுத்தாக வேண்டும், கோப்பின் எடையும் அதற்கேற்பக் கூடும். இத்தனை சிக்கலுக்கு ஒரு நேரான தீர்வு உண்டு: இயன்றவரை சொல்லை அசைவுக் கோப்புக்குள் வைக்காமல், செயலியே மேலே எழுதிக்கொள்ளட்டும். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடியும் ‘சப்மிட்’ தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று நீளும்போது பொத்தான் தானே விரிந்துகொடுக்கும். கோப்புக்குள் வரைந்த பொத்தான் அவ்வளவு எளிதில் விரியாது.

எல்லாருக்கும் அசைவு இனிப்பதில்லை

2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது திரைகள் பாய்ந்து பெரிதாகும் அசைவு பலருக்குத் தலைச்சுற்றலையும் குமட்டலையும் தந்தது. சில வாரங்களில் வந்த 7.0.3 பதிப்பில், ‘அசைவைக் குறை’ என்ற அமைப்பைப் போட்டால் பாய்ச்சலுக்குப் பதிலாக மெல்ல மங்கி மாறும் வழி சேர்க்கப்பட்டது. உள்காதின் சமநிலை உறுப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு இது சௌகரியம் சார்ந்த விஷயமல்ல, உடல்நலம் சார்ந்தது. இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளும் சில எல்லைகளைச் சொல்கின்றன: தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தின் அருகே ஓடும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும், ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது.

முன்மாதிரியில் இதைப் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை. அது ஒரு பிழை. ஆனால் அந்தப் பிழை நிரலாக எழுதும்போது திருந்த வாய்ப்புண்டு. நேரடியாகப் பயனருக்குப் போகும் அசைவுக் கோப்பில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நிலைப்பொறியை வரையும் முதல் நாளே ‘அமைதி’ என்று ஓர் ஆம்-இல்லைச் செய்தியை வைத்துவிட வேண்டும், கைபேசியின் அமைப்பைப் பார்த்துச் செயலி அதைத் திருப்பட்டும். இன்னொரு கவனமும் வேண்டும். ரைவ் தன் உருவங்களைத் தானே வரைகிறது. அதற்குள் வரைந்த பொத்தான் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்குத் தானாகப் பொத்தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. செயலியின் பக்கத்தில் அதற்கான பெயரையும் பங்கையும் குறித்துக் கொடுத்து, திரைவாசிப்பானை இயக்கிக் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு ஃப்ரேமை வரைய 16.7 மில்லி விநாடி இருக்கிறது. 120 முறை புதுப்பிக்கும் திரையில் 8.3 மட்டும். வடிவமைப்பாளரின் புதுக் கணினியில் பட்டாக வழுக்கும் அசைவு, மூன்று ஆண்டுப் பழைய மலிவுக் கைபேசியில் திக்கும். முன்மாதிரி திக்கினால் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அசைவுக் கோப்பைப் பொறுத்தவரை மலிவுக் கைபேசிதான் உண்மையான சோதனைக்களம்.

நிறுவனம் மறைந்தால் என்ன மிஞ்சும்?

இந்தத் துறையில் கருவிகளின் ஆயுள் குறைவு. ஒரு காலத்தில் முன்மாதிரி என்றாலே நினைவுக்கு வந்த இன்விஷன் 2024 முடிவில் தன் சேவையை நிறுத்தியது. அடோபி எக்ஸ்டி 2016இல் ஆரவாரத்தோடு வந்தது. 2023க்குள் புது வசதிகள் இல்லாமல் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த ஃபிரேமர், நிரல் எழுதி முன்மாதிரி செய்யும் கருவியாகப் புகழ்பெற்று, பின்னர் முழுவதுமாக இணையதளம் கட்டும் கருவியாக மாறிவிட்டது. அதை நம்பிக் கற்றவர்கள் வேறிடம் பார்க்க வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பரில் சுமார் 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்குவதாக அடோபி அறிவித்தபோது எத்தனை குழுக்கள் கலங்கின என்பது நினைவிருக்கும். ஐரோப்பிய, பிரிட்டிஷ் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அது கைவிடப்பட்டது.

முன்மாதிரிக் கருவி மறைந்தால் பழைய கோப்புகள் போகும். அவற்றின் வேலை முன்பே முடிந்துவிட்டது, இழப்பு தாங்கக்கூடியது. பயனர் கையில் ஓடும் கோப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. ரைவ் கோப்பை ஓட்டும் நிரலகங்கள் திறமூலமானவை. நாளை நிறுவனம் இல்லாவிட்டாலும் இருக்கும் அசைவு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதைத் திருத்தும் மென்பொருள் திறமூலமல்ல. ஓடும், ஆனால் மாற்ற முடியாது என்ற நிலை வரலாம். லாட்டியின் ஜேசான் எழுத்தாகவே படிக்கக்கூடியது, அதைத் திறக்கவும் திருத்தவும் பல கருவிகள் உண்டு. ஆறேழு ஆண்டுகள் வாழப்போகும் செயலிக்கு இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

நான் எப்படிப் பிரிப்பேன்

முன்பு நான் பணியாற்றிய ஒரு குழுவில், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக மூன்று வாரம் செலவழித்து ஒரு முன்மாதிரியை மெருகேற்றினோம். நிழல், துள்ளல், திரை மாறும் நயம் எல்லாம் கச்சிதம். பார்த்த வாடிக்கையாளர், முடிந்துவிட்டதே, அடுத்த மாதம் வெளியிடலாம் என்றார். உள்ளே ஒரு வரி நிரல்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. அதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது, நம்பிக்கையும் குறைந்தது. பிழை எங்களுடையது. வழியைச் சோதிக்கக் கேட்ட இடத்தில் முடிந்த பொருளின் தோற்றத்தைக் கொடுத்துவிட்டோம். அன்றிலிருந்து தொடக்கக்கால முன்மாதிரிகளைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களுக்குள் நிறுத்தச் சொல்கிறேன்.

நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஃபிக்மாவும் தாளும் பேனாவும் போதும். பணமுடையால் சொல்லவில்லை, அந்த நிலையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் வழியைப் பற்றியவை என்பதால் சொல்கிறேன். விரலின் இழுப்பு, கைபேசியின் சாய்வு, இரண்டு கருவிகளின் உரையாடல், உண்மையாகத் தட்டச்சு செய்து பார்க்க வேண்டிய படிவம் என்று கேள்வி மாறும்போது புரோட்டோபைக்கு ஓர் உரிமம் வாங்கலாம். எல்லாருக்கும் வாங்க வேண்டியதில்லை, அதில் ஆழ்ந்து பழகும் ஒருவர் இருந்தால் போதும். செய்த லாட்டி அசைவுகளை அதற்குள் கொண்டுவந்து காட்டவும் முடியும்.

ரைவுக்கு நான் வைக்கும் வாசல் உயரமானது. அசைவை எடுத்துவிட்டால் பொருளின் பயனே குறைந்துபோகுமா? ஒரே உருவம் பயனரின் செயலுக்கேற்ப ஐந்தாறு நிலைகளுக்கு நடுவில் போய்வர வேண்டுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுக்கலாம். ஒரு பொத்தான் அழுந்துவதும் ஒரு பட்டியல் விரிவதும் ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் உலாவியிலும் ஏற்கெனவே இருக்கும் வசதிகளால் ஓரிரு வரியில் முடியும். அதற்கென்று ஒரு நிரலகத்தைச் செயலியில் ஏற்றுவது வீண் சுமை.

முடிவெடுக்க ஒரு வாரச் சோதனை செய்யச் சொல்வேன். செயலியில் இருப்பதிலேயே கடினமான ஒரே ஓர் ஊடாட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு நாளில் வடிவமைப்பாளர் அதைக் கருவியில் செய்யட்டும். மூன்றாம் நாள் வேறொரு வடிவமைப்பாளர், முதலாமவரிடம் எதுவும் கேட்காமல், அதே கோப்பைத் திறந்து ஒரு நிலையை மாற்றட்டும். நான்காம் நாள் நிரலாளர் அதை மலிவுக் கைபேசி ஒன்றில் ஓடவைக்கட்டும், தமிழ்ச் சொற்களோடு, ‘அசைவைக் குறை’ அமைப்பைப் போட்டும் போடாமலும். ஐந்தாம் நாள் எல்லாரும் உட்கார்ந்து, ஓராண்டு கழித்து இந்தக் கோப்பில் பிழை வந்தால் யார் திறந்து சரிசெய்வார் என்று கேட்டு, கோப்பின் பெயருக்கு நேராக ஒருவர் பெயரை எழுதுங்கள். அந்த இடம் காலியாகவே இருந்தால், அந்த அசைவை நிரலாளரிடம் கொடுத்துச் சாதாரண மாற்றமாக எழுதிவிடச் சொல்வேன்.